செண்பகத்தின் சிவந்த கண்

உலாந்தாக்காரர் என்ற டச்சுக்காரர் யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்த அந்தக் காலத்தில் பறவைகளும் விலங்குகளும் பேசும். நம்மைப் போலவே காணி பூமிக்குச் சண்டையும் பிடிக்கும். கப்பலில் வந்த சொற்களில் ஒன்று அவற்றுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று: நொத்தாரிசு. பிறர் சொல்வதை உறுதி என்னும் பத்திரமாக எழுதி, அதை உரத்து வாசித்து, அவர் சம்மதித்த பிறகே ஒப்பம் வாங்குபவர் நொத்தாரிசு. அவர் முடித்த உறுதி பின்பு மாறாது.

கறுப்பு உடம்பும் செம்மண் நிறச் சிறகுமாய், அங்கி போட்டதுபோல் இருந்த செண்பகம் என்ற செம்போத்துப் பறவைக்கே அந்தப் பதவி கிடைத்தது. அந்தச் சொல்லைச் சேர்த்துக் கூப்பிடாதவரை அது திரும்பிக்கூடப் பார்க்காது. அவ்வளவு தலைக்கனம்.

ஒரு மாரித் தொடக்கத்தில் மரநாய் ஓர் அணிலைக் கூட்டிக்கொண்டு வந்தது. அணிலின் வீடு ஒரு பனம்பொந்து. உள்ளே கண் திறக்காத மூன்று குஞ்சுகள்.

"நொத்தாரிசு ஐயா, மழை விடும்வரைக்கும் இவர் என்ரை பனையிலை ஒதுங்கி இருக்கட்டும். அதைத்தான் எழுதவேணும்," என்றது அணில்.

"ஐயாவுக்கு ஏன் சிரமம்? நான் எழுதிக்கொண்டே வந்திட்டன்," என்று மரநாய் ஓர் ஓலையை நீட்டியது.

எழுத்தறியாத அணிலுக்கு வாசித்துக் காட்டுவது தன் பதவிக்குக் குறைவென்று செண்பகம் நினைத்தது. வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. ஓலையைத் தானும் பார்க்காமல் ஒப்பமிட்டது.

"என்ன எழுதியிருக்கு, ஐயா?"

"நொத்தாரிசு நான் இருக்கிறன். பிறகென்ன பயம்? கையை வை."

அணில் கையை வைத்தது.

மறுநாள் காலை பனையடியில் மூன்று குஞ்சுகளும் மழையில் விறைத்துச் செத்துக் கிடந்தன. ஓலையில் எழுதியிருந்தபடி முழுப் பனையும் தனதென்று மரநாய் அவற்றைத் தூக்கி வெளியே போட்டிருந்தது. செண்பகம் பதறி ஓடிவந்து ஓலையைத் திருப்பிக் கேட்டது.

"கீழே உங்கடை ஒப்பம்தானே? நொத்தாரிசு முடிச்ச உறுதி பிறகு மாறாதே?" என்றது மரநாய்.

அணில் செண்பகத்தின் பக்கம் திரும்பியது. இம்முறை ஐயா என்று சொல்லவில்லை.

"நீங்கள் வாசிச்சிருந்தால், நான் மாட்டன் எண்டு சொல்லியிருப்பன்."

செண்பகம் அந்த மாரி முழுவதும் அழுதது. பதவியை விட்டுத் தரையில் இறங்கியது.

அன்று முதல்தான் செண்பகம் உயரப் பறக்காமல், சிவந்த கண்ணோடு வேலி வேலியாய் நடந்து எல்லை பார்க்கிறது. நொத்தாரிசும், வந்தவர் எழுத்தறியாதவரானாலும், உறுதி முழுவதையும் உரத்து வாசித்த பிறகே பேனையை நீட்டுகிறார்.