செத்தவன் தலையை வாங்குவது எப்படி?

ரொம்பக் காலத்துக்கு முன்னே மூங்கிலாற்று நாட்டைக் கோடைமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நாட்டில் ஏரி உடைந்தால்கூட நிதானமாகத்தான் எழுந்திருப்பார். ஆனால் சடுகுடு என்று காதில் விழுந்தால் போதும், சாப்பாட்டுக் கையோடு ஓடிவருவார். அவர் வைத்திருந்த அரண்மனை அணி பத்தொன்பது வருஷம் தொடர்ந்து ஜெயித்திருந்தது. "என் ஆட்களுக்குத் தோற்கத் தெரியாதய்யா!" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பெருமையடிப்பார்.

இருபதாம் வருஷம் உப்பளத்து ஆட்கள் ஏழு பேர் வந்தார்கள். ஒல்லி உடம்பு, ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி. சடுகுடுவில் தொடப்பட்டவன், மாட்டிக்கொண்டவன், எதிரி பக்கத்தில் மூச்சு விட்டவன் எல்லாரும் 'செத்தவன்'. வெளியே போய் உட்கார வேண்டியதுதான். அரண்மனை ஆட்கள் ஆறு பேர் வரிசையாகச் செத்தார்கள். மிஞ்சியவன் அணித்தலைவன் உடையான். 'சடுகுடு' என்று மூச்சு விடாமல் பாடிப் போனவன் திரும்பும்போது, நடுக்கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் மூச்சை விட்டுவிட்டான். ஆட்டம் முடிந்தது.

ராஜாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "வெட்டுங்கடா இவன் தலையை!"

பக்கத்தில் இருந்த தளவாய் பூவராகனுக்கு உடையான் பேரைக் கேட்டாலே எரிச்சல். ஊரே அவனைத் தூக்கிவைத்து ஆடுவது பொறுக்கவில்லை. "சரியான தீர்ப்பு மகாராஜா! நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்திருப்பேன்" என்று எண்ணெய் ஊற்றினார்.

மந்திரி நல்லமுத்துவுக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு முழத்துக்காக ஒரு உயிரா? அநியாயம்! ராஜாவை எதிர்த்துப் பேசினால் தன் தலையும் போகும். ஆனாலும் முன்னால் வந்தார்.

"மகாராஜா, வெட்ட முடியாதே. உடையான் ஏற்கெனவே செத்துப்போனான்."

"என்ன உளறுகிறீர்?"

"ஆட்டச் சட்டம் மகாராஜா. செத்தவனை மறுபடி கொல்லலாமா? நம் பக்கத்து ஆள் ஒருவர் பாடிப் போய், எதிரியைத் தொட்டுத் திரும்பினால்தான் அவனுக்கு உயிர் வரும். அப்புறம் தாராளமாக வெட்டலாம்."

ராஜா யோசித்தார். சட்டம் சட்டம்தானே! "யாரங்கே? தளவாய், நீர்தானே கண்ணை மூடிக்கொண்டு ஜெயிப்பேன் என்றீர்? போம்!"

தளவாய் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு போனார். மூன்றாவது 'சடுகுடு'வில் ஏழு பேரும் அவரை நெல்மூட்டை போல அமுக்கினார்கள். தலைப்பாகை ஒரு பக்கம், தளவாய் ஒரு பக்கம்.

"தளவாயும் செத்தார்" என்றார் மந்திரி.

"சீ! நானே போகிறேன்!" வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ராஜா இறங்கினார். "சடுகுடு சடுகுடு சடு..." உப்பளத்துக்காரர்கள் பயந்து ஒதுங்கி நின்றார்கள், யாரும் தொடவே இல்லை. எட்டாவது எட்டிலேயே ராஜாவுக்கு மூச்சு இரைத்துவிட்டது. பாட்டு நின்றுபோய், எதிரி பக்கத்திலேயே இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்.

மந்திரி கிட்டே போய்க் கும்பிட்டுச் சொன்னார்:

"மகாராஜா, தாங்களும் செத்துவிட்டீர்கள். செத்தவர் போட்ட கட்டளை செல்லாது."

ராஜா முறைத்தார். பேச மூச்சு வேண்டுமே! கொஞ்ச நேரம் இரைத்துவிட்டு உடையானைப் பார்த்தார்.

"எட்டு எட்டுக்கே நெஞ்சு வெடிக்கிறது. பத்தொன்பது வருஷம் இதையா செய்தாய்?"

"ஆமாம் மகாராஜா."

ராஜாவுக்கு வெட்கமாகிப்போனது. ஜெயித்ததெல்லாம் தன் பெருமை என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தார்! தன் கைக்காப்பைக் கழற்றி உப்பளத்து ஆட்களிடம் கொடுத்தார். முத்துமாலையை மந்திரி கழுத்தில் போட்டார். தளவாய் தினமும் காலையில் அணியோடு வந்து ஓட வேண்டும் என்றும் சொன்னார்.

"மந்திரி, எனக்கு உயிர் வர என்ன வழி?"

"புது ஆட்டம் தொடங்கினால் எல்லாருக்கும் உயிர் வந்துவிடும் மகாராஜா."

"அப்படியானால் தொடங்குங்கள். முதலில் உடையான் பாடிப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, ராஜா மண் தரையிலேயே உட்கார்ந்தார்.