எட்டடி அஸ்திவாரம்

தணிகாசலம் முதலாளிக்குத் தன் வீட்டுக்கு மூணாவது மாடி வேணும். கீழே வாடகைக்கு இருந்த சித்தாள் பொற்கொடிக்கு அந்த வீடு தன் தலையில் இறங்காமல் இருந்தால் போதும். ஏற்கெனவே சுவர் விரிசலில் பல்லி குடும்பம் நடத்துது.

"மொதல்ல அஸ்திவாரத்தைத் தோண்டிப் பாத்துடுங்க மொதலாளி."

"எட்டடி ஆழம்டி! மாடியில யானையே கட்டலாம். எவனாவது மண்வெட்டி வெச்சான், கையை ஒடிப்பேன். எட்டடி இல்லேன்னு தோண்டாமலே நிரூபி, இல்லேன்னா நாளைக்கே வீட்டைக் காலி பண்ணு!"

"சரிங்க. பூமி பூஜையில அஸ்திவாரத்துக்கு அடியில செப்புச் சொம்பு வெச்சீங்களே, மாடி ஏறினா அதையும் மேல ஏத்தணுமாமே? இல்லேன்னா யோகம் கீழேயே தங்கிடுமாம்."

அவ்வளவுதான். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு முதலாளியே தோண்ட ஆரம்பிச்சார். எட்டடி இறங்கணுமே, ஏணிக்கும் ஆள் அனுப்பினார். ஏணி வர்றதுக்குள்ள, முழங்கால் ஆழத்துலயே சொம்பு டங்குன்னுச்சு. அதுக்கு அடியில மண்ணே இல்லை. இளநிக் கூடு, பிஞ்ச செருப்பு, ஒரு சைக்கிள் சீட்டு.

தெருவே எட்டிப் பார்த்தது. முதலாளி குழிக்குள்ளயே உட்கார்ந்துட்டார்.

"மாடிக்குன்னு ஜல்லி, சிமெண்ட்டெல்லாம் இறக்கிட்டேனே பொற்கொடி!"

"அடியிலயே போடுங்க மொதலாளி. மூணாவது மாடியைக் கீழ்ப்பக்கமா கட்டினதா வெச்சுக்குவோம்."