அருந்ததி தெரிந்த விதம்

“டீச்சர், அந்தக் குழாய்க்குள்ள ஒண்ணுமே இல்லை. எல்லாரும் பொய் சொல்றாங்க” என்றார் தணிகாசலம்.

ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் அவர். கண்ணாடிக்கடை ரெஜினாவுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். ஆனால் அவள் வீட்டு மொட்டைமாடிக்கு டெலஸ்கோப்பில் வானம் பார்க்க வந்த நாளிலிருந்து அவருக்கு அவள் டீச்சர்.

அன்று மாலை ஏழு மணிக்கு ஆண்ட்ரோமெடா கேலக்ஸி. தணிகாசலத்துக்கு முன்னால் எட்டுப் பேர் வரிசையாகப் பார்த்து “தெரியுது” என்றார்கள். எட்டாவது ஆள் அவர் மனைவி புஷ்பவல்லி.

“என்னையும் சேர்த்தா சொல்றீங்க?” என்றாள் அவள்.

“உன்னைத்தான் முதல்ல.”

கோயிலுக்குப் போய்வந்தேன் என்றால் பிரசாதம் எங்கே என்று கேட்கிற மனுஷர். முப்பத்தோரு வருஷமாக வீட்டுக்குள்ளேயே டிக்கெட் காட்டிக் காட்டி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

“இதுவும் பொய்னா, நாளைக்கு நான் அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன்” என்றாள். குரலை உயர்த்தவில்லை.

“எப்ப இருந்து சார் இந்தச் சந்தேகம்?” என்று கேட்டாள் ரெஜினா.

“கல்யாணத்தன்னிக்கே. பட்டப்பகல்ல ஐயர் வானத்தைக் காட்டி, அருந்ததி தெரியுதான்னாரு. எனக்குக் காக்காதான் தெரிஞ்சுது. இவ தெரியுதுன்னா. சரி, நானும் சொல்லிவச்சேன். அதிலேர்ந்து அந்த வார்த்தையை நம்பறதில்லை.”

ரெஜினா சிரிக்கவில்லை.

“இப்ப எப்படிப் பார்த்தீங்க?”

“முறைச்சுத்தான். நேரா முறைச்சா டிக்கெட் இல்லாதவன் தானா மாட்டுவான்.”

“மறுபடி பாருங்க. நடுவுல பார்க்காதீங்க. ஓரத்துல ஒரு நட்சத்திரம் இருக்கு. அதை மட்டும் பாருங்க. மங்கலான வெளிச்சம் ஓரக்கண்ணுக்குத்தான் தெரியும்.”

இதில் என்ன தில்லுமுல்லோ என்று நினைத்தபடியே கண்ணை வைத்தார். ஓரத்து நட்சத்திரத்தைப் பார்த்தார்.

நடுவில் ஊதிவிட்ட விபூதி மாதிரி ஏதோ வெள்ளையாகப் படர்ந்தது.

கையும் களவுமாகப் பிடிக்க வெடுக்கென்று கண்ணை நடுவுக்குத் திருப்பினார். காணோம்.

ஓரத்துக்குப் போனார். வந்தது.

வரிசையில் நின்றவர்கள் இருமத் தொடங்கும்வரை குனிந்தே இருந்தார்.

நிமிர்ந்ததும் மனைவியிடம் கேட்டார்: “அன்னிக்கு எதைப் பார்த்துட்டுத் தெரியுதுன்னு சொன்னே?”

“உங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன்.”

அவளை நேராகப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர்த்தொட்டியைப் பார்த்தார்.

“தெரியுதா சார்?” என்றாள் ரெஜினா.

“தெரியுது.”