உட்கார மறுத்த முயல்

ஆலஞ்சுனைக் குளக்கரையில் ஒரு முயலும் ஒரு சருகுமானும் நட்பாக இருந்தன. முயலின் பெயர் துள்ளி. சருகுமானின் பெயர் மருதி. பெயரில்தான் மான், கொம்பு கிடையாது, உயரமும் துள்ளியைவிட நான்கு விரல்தான் கூடுதல். ஆபத்து வந்தால் மருதி சருகுகளுக்கு நடுவே ஒரு சருகாக அசையாமல் நின்றுவிடும். துள்ளியோ ஆபத்து வருமுன்பே ஓடிவிடும்.

ஒரு பனிக்காலத்தில் குளக்கரைப் பாழ்மண்டபத்தில் ஒரு மனிதன் வந்து தங்கினான். அவன் மரம் வெட்டவில்லை, கல் எறியவில்லை. விடிந்ததும் ஒரு பாயை விரித்தான். குப்புறப் படுத்து நாகம்போலத் தலை தூக்கினான். பிறகு ஆமைபோல ஒடுங்கினான். பிறகு கொக்குபோல ஒற்றைக்காலில் நின்றான்.

மரக்கிளையில் மந்திகள் சிரித்தன.

“பாவம், தான் யார் என்பதே இவனுக்கு மறந்துவிட்டது” என்றது ஒரு மந்தி. “முதலில் நாகம், பிறகு ஆமை. நாளை நம்மைப்போல வால் கேட்டு வருவான், பாருங்கள்.”

மருதி சிரிக்கவில்லை. வந்த நாளில் அவன் கூனிக்கொண்டு இருமியது அதற்கு நினைவிருந்தது. இரண்டு மாதத்தில் முதுகு நிமிர்ந்தது, இருமல் நின்றது. ஒருநாள் உண்மையான நாகமே அவன் பாயின்மேல் ஊர்ந்து போனது. அது கடந்து போகும்வரை அவன் அசையவே இல்லை.

“அவனுக்குப் பயமே இல்லையா?” என்று துள்ளி கேட்டது.

“இருந்ததடி. கழுத்து நரம்பு துடித்ததை நான் பார்த்தேன்” என்றது மருதி. “பயம் வந்தது. ஆனால் அவன் அதன் பின்னால் போகவில்லை.”

பனி விலகியதும் அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் விடியலில் மருதி அதே இடத்தில் நின்று கழுத்தை நீட்டி முதுகை வளைத்தது. துள்ளியும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் நாள் முள்ளாண்டி என்ற கிழட்டு முள்ளம்பன்றியும் வந்தது. இரவெல்லாம் கிழங்கு தோண்டிவிட்டு வளைக்குத் திரும்பும் வழி அதற்கு அதுதான்.

முள்ளாண்டிக்கு ஓர் ஆசனமும் வரவில்லை. குனிந்தால் தன் முள்ளே தன்னைக் குத்தியது.

“ஆமைபோல மடங்கச் சொன்னால் பலாப்பழம்போல உருளுகிறீர்களே, அண்ணே” என்றது துள்ளி.

“பலாப்பழத்துக்கு உள்ளே சுளை இருக்கும், அம்மா. எனக்கு உள்ளே கிழங்குதான்” என்றது முள்ளாண்டி. பாவம், மறுபடியும் குனிந்து மறுபடியும் குத்திக்கொண்டது.

துள்ளிக்கு எல்லாம் வந்தது. எந்தப் பக்கம் வளைத்தாலும் வளைந்தது. பின்னங்கால்களில் உரம் ஏறியது. முன்பு இரண்டு புதரைத் தாண்டும் முயல் இப்போது நான்கைத் தாண்டியது. அது ஆசனம் போடும் நேரத்துக்கு மந்திகள் சரியாக வந்து கிளையில் இடம்பிடித்தன. துள்ளியும் அவை வந்துவிட்டனவா என்று பார்த்துவிட்டே தொடங்கியது.

எல்லாம் முடிந்தபின் அந்த மனிதன் நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருப்பான். மருதியும் முள்ளாண்டியும் அதையும் செய்தன. அதற்குள் துள்ளி கிளம்பிவிடும்.

“இன்னும் ஒன்று மீதி இருக்கிறதடி. உட்கார்” என்று மருதி கூப்பிடும்.

“அது பாடம் இல்லை, அவன் களைப்பு. களைத்தவன் உட்கார்ந்தான். நான் களைக்கவில்லையே! அதுவும் கண்ணை மூடிக்கொண்டு! எங்கள் குலத்தில் தூங்கும்போதுகூடக் கண் மூடமாட்டோம். கண் மூடிய முயல் என்றால் செத்த முயல்.”

“கண்ணை யார் கேட்டார்கள்? திறந்தே வைத்துக்கொள்” என்றது முள்ளாண்டி. “மூச்சை மட்டும் பார்.”

“மூச்சில் பார்க்க என்ன இருக்கிறது, அண்ணே? உள்ளே போகிறது, வெளியே வருகிறது.”

“அவ்வளவுதான். அதைப் பார்க்கத்தான் எனக்கு இத்தனை நாள் பிடிக்கிறது.”

துள்ளி சிரித்துக்கொண்டே ஒரே தாவில் புதருக்கு அப்பால் போய்விடும். மந்திகளும் கலைந்துவிடும். உட்கார்ந்திருப்பதைப் பார்க்க யார் காத்திருப்பார்கள்?

கோடை வந்தது. இலுப்பை பூத்தது. விடியலில் மரத்தடி முழுவதும் வெண்மையாகப் பூ உதிர்ந்து கிடக்கும். தேன் சொட்டும் பூ. ஒருநாள் துள்ளியும் மருதியும் அதைத் தின்னப் போயின. அந்தப் பூவுக்கு யார் யார் வருவார்கள் என்பது வேட்டைக்காரர்களுக்கும் தெரியும். பூக்களின் அடியில் அவர்கள் கற்றாழை நாரில் திரித்த சுருக்கு ஒன்றை வைத்திருந்தார்கள்.

மருதியின் பின்னங்கால் அதில் மாட்டிக்கொண்டது.

ஒரு முறை இழுத்தது. சுருக்கு இறுகியது. உடனே மருதி இழுப்பதை விட்டது. காலை மெல்ல மடக்கிக் கயிற்றைத் தொய்யவிட்டுத் தரையில் படுத்தது. அதன் விலா ஒரே சீராக ஏறி இறங்கியது.

“துள்ளி, பதறாதே” என்றது. “இழுத்தால்தான் இறுகும். இழுக்காவிட்டால் இது வெறும் நார். உன் பல்லுக்கு இது ஒரு கிழங்கு. மர வேரில் கட்டியிருக்கும் பக்கமாகக் கடி.”

துள்ளி கடித்தது. ஓர் இழை அறுந்தது. இன்னொன்றும் அறுந்தது.

மேட்டுக்கு அப்பால் ஒரு நாய் குரைத்தது.

“தொலைவில்தான் இருக்கிறது” என்றது மருதி. “நேரம் இருக்கிறது. கடி.”

நேரம் இருந்தது. துள்ளிக்கும் அது தெரிந்திருந்தது. ஆனால் நெஞ்சு அடித்த அடியில் காதுக்கு மருதியின் குரல் எட்டவில்லை. வாயில் கயிறு இருந்தது. கால்கள் வாயைக் கேட்கவில்லை. துள்ளி தாவியது. பல்லில் சிக்கிய கயிறும் கூடவே வந்து விண்ணென்று தெறித்தது. அதன் பின்னால் மருதி ஒரே ஒரு முறை கத்தியது.

துள்ளி நான்கு புதரைத் தாண்டிப் போயிருந்தது.

பாறை நிழலில் ஒடுங்கிக்கொண்டு அது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது: “நாய் அடங்கட்டும், போகிறேன்.” நாய் அடங்கியது. “இன்னும் கொஞ்சம் அடங்கட்டும்” என்றது. வெயில் ஏறியது. பாறை சுட்டது. போகவேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் கால்கள் மறுபடி ஒடுங்கின. அத்தனை நாள் உரமேற்றிய கால்கள் அவை. ஓடச் சொன்னால் இன்னும் பத்துப் புதரைத் தாண்டியிருக்கும். திரும்பிப் போகச் சொன்னால் ஓர் அடிகூட வைக்கவில்லை.

கடைசியில் அது முள்ளாண்டியின் வளைக்கு ஓடியது. பேச வாயைத் திறந்தது. மூச்சுதான் வந்தது, சொல் வரவில்லை.

தூக்கம் கலைந்து வந்த முள்ளாண்டி அதன் முகத்தைப் பார்த்தது. “முதலில் மூச்சை விடு, அம்மா. மெதுவாக. வெளியே விடு.”

துள்ளியால் அது முடியவில்லை. வாசலில் நின்று விம்மியது. அதிலும் நேரம் போனது. பிறகுதான் சொன்னது: “இலுப்பையடி. சுருக்கு. மருதி.”

முள்ளாண்டி கிளம்பியது. அதற்கு ஓட வராது. நடந்தது.

“சீக்கிரம் போங்கள், அண்ணே!”

“இதுதான் என் சீக்கிரம். நீயும் வா. உனக்கும் பல் இருக்கிறதே.”

துள்ளி பாறைவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. அங்கிருந்தே பார்த்தது.

மருதி விட்ட இடத்திலேயே படுத்திருந்தது. அத்தனை நேரமும் அது காலை இழுக்கவில்லை. முள்ளாண்டி கயிற்றின் அருகே உட்கார்ந்து கடிக்கத் தொடங்கியது. மேட்டின்மேல் நாயின் தலை தெரிந்தது. அதன் பின்னால் இரண்டு மனிதர்கள். முள்ளாண்டிக்கும் பயம்தான். அதன் முதுகு முள்ளெல்லாம் சலசலவென்று நடுங்கும் ஒலி பாறைவரை கேட்டது. ஆனால் பல் நிற்கவில்லை. நடுக்கம் ஒரு பக்கம் நடந்தது. வேலை ஒரு பக்கம் நடந்தது.

கயிறு அறுந்தது. மருதி மூன்று காலில் எழுந்து புதருக்குள் போய்விட்டது. பாய்ந்து வந்த நாய் முள்ளாண்டியின் முதுகில் மூக்கைக் கொடுத்துவிட்டு, அலறிக்கொண்டே வந்த வழியே திரும்பியது. மனிதர்கள் நாயின் பின்னால் ஓடினார்கள்.

மருதி பிழைத்தது. ஆனால் அந்தப் பின்னங்கால் பிழைக்கவில்லை. முதல் சுருக்கு தோலைத்தான் பிடித்திருந்தது. துள்ளி தாவியபோது இறுகிய சுருக்கோ எலும்புவரை போயிருந்தது. ஒரு மாதத்தில் கால் காய்ந்த குச்சியாயிற்று.

துள்ளி எத்தனையோ நாள் தொலைவில் நின்று பார்த்தது. மழைக்கு முதல் இடி இடித்த அன்றுதான் அருகே வந்தது. குளத்துக்கு அப்பால் ஓடும் ஆற்றின் கரையில் மருதி நின்றிருந்தது.

“என்மேல் கோபமா, மருதி?”

“இருந்தது. விடியலில் உட்காரும்போது அதுவும் வந்து பக்கத்தில் உட்காரும். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் எழுந்து போய்விட்டது.”

“அப்படியானால் பழையபடி இருக்கலாமா? நான் எல்லாம் செய்கிறேன். உட்காரவும் செய்கிறேன்.”

மருதி அக்கரையைப் பார்த்தது. பிறகு சொன்னது: “அக்கரையில் பாறை இடுக்குகள் இருக்கின்றன. ஓட வேண்டாத இடம். வெள்ளம் வருமுன் போகிறேன். முள்ளாண்டி அண்ணனும் வருகிறார்.”

“நானும் வருகிறேன்.”

“வேண்டாமடி. உன்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் பயம் வந்தால் நீ ஓடுவாய். ஓடுகிற ஒன்றோடு கூட இருக்க இனி என்னிடம் கால் இல்லை.”

அதைச் சொன்னபோது அதன் குரலில் கடுமை இல்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் துள்ளிக்குத் தாங்குவது எளிதாக இருந்திருக்கும்.

நீர் குறைந்த இடமாகப் பார்த்து இரண்டும் இறங்கின. முள்ளாண்டி முன்னால் போனது. மருதி மூன்று காலில், ஒவ்வொரு கல்லிலும் நின்று, மூச்சு வாங்கி, அடுத்த கல்லுக்குப் போனது. அக்கரை நாணல் அசைந்தது, பிறகு அசையவில்லை. அந்த வாரமே வெள்ளம் வந்தது.

துள்ளி அன்று முதல் விடியலில் உட்கார்ந்தது. முதலில் பத்து மூச்சுவரைகூட மனம் நிற்கவில்லை. பிறகு நூறு நின்றது. மழை முடிவதற்குள் நாய்க்குரல் கேட்டும் எழாமல் இருக்கும் அளவுக்கு மனம் அதன் சொல் கேட்டது. இனி எந்தச் சுருக்கையும் அது கடைசி இழைவரை கடித்துவிடும். ஆனால் அது கடித்து விடுவிப்பதற்கு அருகில் யாரும் இல்லை.

உடம்பை மட்டும் பழக்கி மூச்சையும் மனத்தையும் பழக்காமல் விட்டவரின் பலம் ஆபத்து வேளையில் ஓடிப்போகத்தான் உதவும். அன்புக்குரியவர் அருகில் நிற்க உதவாது.