ஹெட்மாஸ்டரை முழுங்கின மலைப்பாம்பு

ஒரு ஊர்ல ஒரு மூணாங்கிளாஸ் இருந்துச்சு. அதுல ஒருத்தருக்கும் கதை எழுதவே வராது. டேய் குட்டி, ம் கொட்டு. கொட்டினாத்தான் கதை நகரும்.

"ம்."

புதுசா வந்த ஜெசிந்தா டீச்சர், "ஆளுக்கொரு கதை எழுதுங்க செல்லங்களா"ன்னாங்க. எழுதிக் கொடுத்தாங்க. டீச்சர் பிரிச்சுப் பாத்தா, பகீர்! 'ஒரு ராஜா இருந்தார். அவர் இறந்துவிட்டார். முற்றும்.' அத்தனை பேரும் அதே ராஜாவைக் கொன்னிருக்காங்க!

"ஐயையோ! கதைன்னா கேக்குறவங்க வாய் தன்னால பொளக்கணும். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போறீங்கள்ல, அங்க சொல்லிப் பாருங்க."

அந்த கிளாஸ்ல குயிலின்னு ஒருத்தி. கொசு ரீங்காரம் மாதிரி குரல். இதோ இப்படி... "ம்மா! யானை பறந்துச்சு!"

அம்மா அப்பளம் பொரிச்சுக்கிட்டே, சொர்ர்ர், "சரி, கையைக் கழுவு"ன்னாங்க.

ஸ்கூலுக்குத் திரும்பிப் போய் நடந்ததைச் சொன்னா, "எந்த யானை? எங்க பறந்துச்சு?"ன்னு டீச்சர் கேட்டாங்க. குயிலி அதை யோசிச்சே பாக்கலை.

அப்புறம் மறுநாள், "ம்மா! ஸ்கூல் தண்ணித் தொட்டியில பேய்!"

"அதுக்கும் தாகம் எடுக்கும்ல? உனக்கு ரசம் ஊத்தவா?"

ஸ்கூல்ல டீச்சர் சொன்னாங்க: "பேய் என்ன சத்தம் போட்டுச்சு? பக்கத்துல என்ன கிடந்துச்சு? முதல்ல நீ பாரு குயிலி. நீ பாத்தாத்தான் அம்மாவும் பாப்பாங்க."

மூணாவது நாள். அவ கத்தலை. வாசப்படியில நின்னு, மெதுவா...

"அம்மா. ஹெட்மாஸ்டர் சார் டாய்லெட்டுக்குப் போனாரு. சாக்கடை ஓட்டை வழியா மலைப்பாம்பு வந்துச்சு. சர்ர்ர்ர்... சளக்! வெளிய ஒத்தச் செருப்பு மட்டும் கிடக்கு. ஊதா வார் வச்சது."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு.

ணங்! அம்மா கையில இருந்த கரண்டி கீழ. "ஏங்க! ஓடியாங்க! ஹெட்மாஸ்டரை மலைப்பாம்பு முழுங்கிருச்சாம்!" அப்பா குயிலியை ஏத்திக்கிட்டு ஆட்டோவைக் கிளப்பினாரு, டர்ர்ர்ர். பின்னாலேயே தெருவே ஓடுது. யாரோ போன் போட்டு, தீயணைப்பு வண்டியும், ணங் ணங் ணங்!

இல்லடா, எழுந்துக்காதே. படு. காது மட்டும் போதும்.

"ம்."

எல்லாரும் ஸ்கூலுக்குள்ள பாஞ்சாங்க. அங்க ஹெட்மாஸ்டர் ரூம்ல, ஹெட்மாஸ்டரே உக்காந்து புளிசாதம் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு!

"ஆவி! ஆவி!"ன்னு ஒரு பாட்டியம்மா அலறினாங்க.

ஹெட்மாஸ்டர் குரல் தகர டப்பாவுல கல்லு உருட்டின மாதிரி. "பாம்பா? முழுங்குச்சா? என்னையா?" விரல்ல ஒட்டின சோறு அப்படியே நிக்குது.

அப்புறம் அது குயிலி கட்டின கதைன்னு தெரிஞ்சதும், அவர் மூஞ்சி பீட்ரூட் ஆயிடுச்சு. "இனிமே இந்த ஸ்கூல்ல கதை பீரியடே கிடையாது! கணக்கு மட்டும்தான்!"

குயிலி ஓடிப் போய் டீச்சர் சேலையைப் பிடிச்சுக்கிட்டா. இப்பத்தானே அவளுக்குக் கதையே வர ஆரம்பிச்சிருக்கு!

அப்போ தீயணைப்புக்காரர் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, "அது கிடக்கட்டும் பாப்பா, இன்னொரு செருப்பு என்னாச்சு?"ன்னாரு.

"அது சார் கால்ல இருந்துச்சு. பாம்பு வயித்துக்குள்ள டம் டம்னு உதைச்சாரு. உள்ள ஒரே இருட்டு. தவளை நாத்தம். அப்போ பாம்பு மெதுவாஆஆ வயித்தை இறுக்குச்சு..."

கூட்டம் அப்படியே தரையில உக்காந்துருச்சு. அப்பா வாய் பொளந்து கிடக்கு. குயிலி சட்டுனு நிறுத்திட்டா.

"அப்புறம்?"னு எல்லாரும் கேட்டாங்க.

"கதை பீரியட்தான் கிடையாதே."

எல்லாரும் திரும்பி ஹெட்மாஸ்டரைப் பாத்தாங்க. அவர் தன் வயித்தைத் தடவிப் பாத்துக்கிட்டாரு. நெத்தியில வேர்வை.

"இருக்கு! இருக்கு! தினமும் இருக்கு! முதல்ல என்னை வெளிய எடு தாயே!"

"ம்... எப்படி வந்தாரு?"

எப்படி வந்தாரா குட்டி? உள்ளயே உக்காந்து பதினேழாம் வாய்ப்பாடு சொன்னாரு. ஓர் பதினேழு பதினேழு, ஈர் பதினேழு முப்பத்திநாலு... பாம்புக்குத் தலை கிறுகிறுத்து, உவ்வே! பொத்துனு வந்து விழுந்தாரு.

சார் பாம்புக்கு வெளிய வந்தாச்சு, நீ போர்வைக்கு உள்ள போயாச்சு. கதை அவ்வளவுதான். கண்ணை மூடு.