துபாய் பிளக்கும் நாப்பது தேங்காயும்

"அம்மிணி, இந்த பிளக்க மாட்டுனா மைலேஜ் ஏறுமா?"

கேட்டது சென்னியப்பன். வயசு அம்பத்திரண்டு. கையில ஒரு நகைப் பெட்டி. உள்ள வெல்வெட்டு. வெல்வெட்டு மேல துபாய்ல இருந்து வந்த மூணு ஸ்பார்க் பிளக்கு. இரிடியம்! நுனி ஊசி மாதிரி. பாத்தா நாமளே ஸ்டார்ட் ஆயிருவோம்.

கேட்டது பர்வீன்கிட்ட. வயசு இருவத்தாறு. சுந்தராபுரத்துல கார் ஷெட்டு வெச்சிருக்கா. வயசுல இவரு ரெண்டு மடங்கு. ஆனா கார்னு வந்துட்டா அவதான் குரு, இவருதான் சிஷ்யன். அதுல அவருக்கு ஒரு வெக்கமும் கெடையாது.

பர்வீன் பிளக்க பாக்கல. அவரு மூஞ்சியத்தான் பாத்தா.

"என்னாச்சுங்ணா?"

"ஞாயித்துக்கெழம போட்டி."

"அதான் வருசா வருசம் நடக்குதே."

"வருசா வருசம் நான் கயித்துலதான போறேன்!"

கயிறுன்னா என்னன்னு சொல்லிர்றேன்.

சென்னியப்பனும் அவரு தங்கச்சி புருசன் நாச்சிமுத்துவும் ஒரே நாள்ல கார் வாங்குனவங்க. ஒரே மாடல், ரெண்டும் வெள்ள. இருவத்தஞ்சு வருசம் ஓடிருச்சு. வருசத்துக்கு ஒரு தடவ ரெண்டு பேருக்கும் போட்டி. ஈச்சனாரி கோயில் முன்னாடி வண்டிய நிறுத்தி, டேங்க்ல இருந்து வர்ற ட்யூப கழட்டி, ஒரு லிட்டர் பெட்ரோல் இருக்கற பாட்டில்ல சொருகிட்டு, பொள்ளாச்சி ரோட்டுல கெளம்பணும். எந்த வண்டி அதிக தூரம் போயி நிக்குதோ அது ஜெயிச்சுது.

ஜெயிச்சவரு மட்டும்தான் மறுபடி பெட்ரோல் ஊத்திக்கலாம். தோத்த வண்டிய கயிறு கட்டி, பொள்ளாச்சில தங்கச்சி வீடு வரைக்கும் இழுத்துட்டு போவாரு.

தெருவே வாசல்ல நின்னு பாக்கும்.

அஞ்சு வருசமா சென்னியப்பன்தான் கயித்துல.

"இந்த வாட்டியும் கயித்துல வந்தா வண்டிய வித்துர்றேன்னு மாப்ளகிட்ட சொல்லிட்டேன் அம்மிணி. பந்தில, எல்லாரு முன்னாடியும்."

சொல்லும்போதே அவரு கை தானா போயி பானெட்ட தடவுச்சு.

பர்வீன் பானெட்ட தெறந்தா. பழைய பிளக்கு மூணையும் கழட்டுனா. நுனிய வெளிச்சத்துல புடிச்சு பாத்தா. டீயில நனைச்ச பிஸ்கட் கலரு. அந்தக் கலரு இருந்தா பிளக்கு நல்லாருக்குன்னு அர்த்தம். தொடச்சா. இடைவெளி அளந்தா. திருப்பி அதையே மாட்டுனா.

"அம்மிணி! பொட்டி இங்க இருக்கு!"

"தெரியுதுங்ணா. வண்டிய தள்ளுங்க."

"எங்க?"

"டீக்கடை வரைக்கும்."

டீக்கடை நூறடி தூரம். மேடு கெடையாது. பர்வீன் உள்ள உக்காந்து நியூட்ரல் போட்டா. சென்னியப்பன் பின்னாடி போயி மூச்சப் புடிச்சு தள்ளுனாரு.

அசையல.

"அம்மிணி, கைப்பிரேக்கு போட்டிருக்கியா?"

"இல்லீங்ணா."

மறுபடி தள்ளுனாரு. ரெண்டடி. நின்னுருச்சு.

டீக்கடைக்காரரு அங்கிருந்தே கத்துனாரு. "ஏனுங் சென்னியப்பண்ணா, நீங்க வண்டிய தள்றீங்களா, வண்டி உங்கள தள்ளுதா?"

பர்வீன் எறங்குனா. நேரா டீக்கடைக்கு போயி ஸ்பெஷல் பாதாம் பால் ஒண்ணு வாங்கிட்டு வந்தா. மேல குங்குமப்பூ வேற.

"குடிங்க."

குடிச்சாரு.

"நல்லாருக்கா?"

"பிரமாதம்!"

"இப்ப தள்ளுங்க." பர்வீன் மறுபடி உள்ள ஏறுனா.

தள்ளுனாரு. அதே ரெண்டடி.

"அட, பாதாம் பால் குடிச்சா என்ன ஆயிரும்? வண்டியிலதான் என்னமோ புடிக்குது!"

பர்வீன் சைடு கண்ணாடில அவர பாத்துட்டு உக்காந்திருந்தா.

சென்னியப்பன் கையில காலி டம்ளர். டம்ளர பாத்தாரு. நகைப் பெட்டிய பாத்தாரு. திரும்ப டம்ளர பாத்தாரு.

டம்ளர கீழ வெச்சாரு. வேட்டிய மடிச்சு கட்டுனாரு. குனிஞ்சாரு.

நாலு டயர்லயும் காத்து பாதிதான் இருந்துச்சு. பின் சக்கரம் ஒண்ணுல பிரேக்கு விடாம கவ்விட்டு நின்னுச்சு.

டிக்கிய தெறந்தாரு. மட்டையோட நாப்பது தேங்கா!

"இது என்னங்ணா?"

"தங்கச்சிக்கு. அவ வீட்டுக்கு வெறுங்கையோட போக முடியுமா?"

"போட்டியன்னைக்குமா?"

"போட்டி முடிஞ்சு சாப்பாடே அவ வீட்லதான அம்மிணி. வருசா வருசம் கொண்டுபோறதுதான்."

"பொள்ளாச்சிக்கு தேங்கா!"

பர்வீன் சிரிச்ச சிரிப்புல டீக்கடைல இருந்தவங்க எட்டிப் பாத்தாங்க.

"சிரிக்காத. அந்த மரம் அவ சின்னப் புள்ளயில நட்டது. எடை கொறையணும்னு பின் சீட்ட கழட்டுனேன். ஸ்டெப்னிய எறக்குனேன். மிதியடிய கூட எடுத்துட்டேன். இது எடைன்னே தோணலியே!"

"ஞாயித்துக்கெழம உங்க தங்கச்சி எங்க இருப்பாங்க?"

"ஈச்சனாரிலதான். கொடி அசைக்கறதே அவதான்."

"அப்ப சரி." டிக்கிய மூடிட்டா.

பிரேக்க சரி பண்ணுனா. காத்தடிச்சா. மறுபடி ஸ்டீரிங்ல உக்காந்து கைய ஆட்டுனா.

சென்னியப்பன் அஞ்சு விரல்தான் வெச்சாரு. வண்டி ஓடுச்சு! டீக்கடைய தாண்டி ஓடுச்சு! இவரு பின்னாடியே வேட்டிய புடிச்சுட்டு ஓடுனாரு. "புடி அம்மிணி! பிரேக்க புடி!"

நின்னதும் மூச்சு வாங்கிட்டே கேட்டாரு.

"அப்ப இந்த பிளக்கு டுபாக்கூரா?"

"நல்ல பொருளுங்ணா. நெறைய நாள் ஒழைக்கும். உங்க பழசு தேஞ்சிருந்தா நானே மாட்டிருப்பேன்."

ஞாயித்துக்கெழம. ஈச்சனாரி.

"தெய்வான, இந்தா உன் தேங்கா."

அவ்வளவுதான், தங்கச்சிக்கு மூஞ்சியெல்லாம் பல்லு. "ஏனுங்க, நம்ம டிக்கிய தெறங்க!"

நாச்சிமுத்து பதறிட்டாரு. "இப்பவா? போட்டி முடிஞ்சு ஏத்திக்கலாமே."

"எங்கண்ணன் குடுத்தத ரோட்லயா வெச்சுட்டு வர்றது?"

நாப்பதும் ஏறுச்சு. நாச்சிமுத்து வண்டி பின்னாடி சொங்கிப் போயி உக்காந்துச்சு. அவரு பேச்ச மாத்துனாரு.

"அது என்ன மச்சான், நகைப் பெட்டி?"

"துபாய் பிளக்கு மாப்ள. என் வண்டிக்கு தேவப்படல. நீங்க வேணா மாட்டிக்கங்க."

நாச்சிமுத்து கண்ணு ஹெட்லைட்டு மாதிரி ஆயிருச்சு. அங்கயே பானெட்ட தெறந்து அங்கயே மாட்டுனாரு!

தெய்வான கொடிய அசைச்சா.

நாச்சிமுத்து விர்ருனு பறந்தாரு. ஜன்னல் வழியா கைய நீட்டி கத்துனாரு. "பிளக்குன்னா இது பிளக்கு மச்சான்! இழுக்குது பாருங்க!"

சென்னியப்பன் ஆக்சிலேட்டர் மேல பூ வெச்ச மாதிரி கால வெச்சுட்டு, பாட்டு பாடிட்டு போனாரு. ஒரு டிவிஎஸ் ஃபிப்டி அவர தாண்டிப் போச்சு. போகட்டும்னு விட்டுட்டாரு.

கிணத்துக்கடவு தாண்டுனாரு. இன்னும் கொஞ்ச தூரம். வேப்பமரத்தடில ஒரு வெள்ளக் காரு. பானெட்டு தெறந்திருக்கு. நாச்சிமுத்து காலி பாட்டில தலகீழா கவுத்து ஆட்டிட்டு இருக்காரு.

சென்னியப்பன் ஹாரன் மட்டும் அடிச்சாரு.

கோவில்பாளையம் தாண்டித்தான் அவரு வண்டி நின்னுச்சு.

அன்னைக்கு பொள்ளாச்சில அந்தத் தெரு கைதட்டுன மாதிரி எந்தத் தெருவும் தட்டிருக்காது. முன்னாடி சென்னியப்பன். நடுவுல கயிறு. பின்னாடி நாச்சிமுத்து, நாப்பது தேங்காயோட.

சாப்பாடு ஆச்சு. நாச்சிமுத்து கை கழுவிட்டு பக்கத்துல வந்து உக்காந்தாரு. கொரலு எறங்கி இருந்துச்சு.

"மச்சான், துபாய்ல இத விட ஒசத்தி பிளக்கு இருக்குமா?"

சென்னியப்பன் அவர பாத்தாரு. தெய்வான கொண்டு வந்த தேங்காப்பால் பாயசத்துல ஒரு டம்ளர எடுத்து நீட்டுனாரு.

"குடிங்க மாப்ள."

குடிச்சாரு.

"நல்லாருக்கா?"

"பிரமாதம்!"

"இப்ப வாங்க. உங்க வண்டிய கொஞ்சம் தள்ளுங்க."