உபயம்: ஆவுடையப்பன் குடும்பத்தார்

ஒரு ஊரில் ஒரு பானை இருந்தது. தினமும் பொழுது சாய்வதற்குள் காலியாகிவிட வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு ஆசை கிடையாது. நிறைந்தே இருப்பதைப் பெருமையாக நினைக்கும் பானைகள் உண்டு. இது அந்த ரகம் இல்லை.

சித்திரை பிறந்ததும் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே நாலு மூங்கில் நட்டு, மேலே கீற்று வேய்ந்து, பானையைக் கொண்டுவந்து மணல்மேல் உட்கார வைப்பார் ஆவுடையப்பன். பானையோடு ஒரு டம்ளரும், அந்த டம்ளரைக் கட்டிவைக்க ஒரு சங்கிலியும் வரும். பேர் எழுதிய பலகை எதுவும் வராது. தாகத்தோடு வந்தவர்கள் குடித்தார்கள், வாயைத் துடைத்தார்கள், பேருந்து ஏறிப் போனார்கள்.

ஆவுடையப்பன் காலமான பிறகு வந்த முதல் சித்திரையில் அவர் மகன் பூவலிங்கம், "அப்பா செஞ்ச தர்மத்தை விட்டுறக் கூடாது" என்றார். சொன்னதோடு நிற்காமல் செய்யவும் செய்தார். பூவலிங்கம் நல்ல மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் மூங்கில் நட்டதும் அவர் கீற்றுக்கடைக்குப் போகவில்லை, ஃபிளெக்ஸ் கடைக்குப் போனார்.

ஃபிளெக்ஸ் வந்து இறங்கியது. பந்தலைவிட அது பெரியது. நடுவில் ஆவுடையப்பன், பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு பூவலிங்கம், சுற்றிலும் மனைவி, மகள் உலகம்மை, மைத்துனர்கள், மைத்துனர்களின் மாமனார்கள். அச்சடிக்கும் முன்பு கடைக்காரர் படத்தைக் குடும்பத்தார் எல்லாருக்கும் போனில் அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார். எல்லாரும் உன்னிப்பாகப் பார்த்தார்கள், அவரவர் படத்தை மட்டும். எல்லாரும் "சூப்பர்" என்று பதில் போட்டார்கள். கீற்றுக்கு வைத்திருந்த காசும் ஃபிளெக்ஸுக்கே போனதால் பந்தலுக்குக் கூரை இல்லாமல் போயிற்று.

முன்பக்க மூங்கிலுக்கு மேலே ஃபிளெக்ஸை நிமிர்த்திக் கட்டினார்கள். நின்றதுமே அது கீழே ஒரு பார்வை பார்த்தது.

"நீங்கள்லாம் யாரு?"

"நான் பானை. தண்ணி வச்சிருக்கேன்."

"நான் டம்ளர். மோந்து குடுப்பேன்."

"நான் சங்கிலி" என்றது சங்கிலி. "நான் இல்லேன்னா டம்ளர் என்னைக்கோ வண்டியேறி மெட்ராஸ் போயிருக்கும்."

"சரி சரி, எல்லாரும் ஓரமா இருந்துக்கோங்க" என்றது ஃபிளெக்ஸ். "ஜனங்க என்னையத்தான் பாக்க வாராக."

அதில் பொய் இல்லை. ஜனங்கள் வந்தார்கள், அண்ணாந்து ஃபிளெக்ஸைப் பார்த்தார்கள். பார்த்த உடனே கன்னத்தில் கைவைத்துக்கொண்டு வேகமாக நடையைக் கட்டினார்கள்.

"பாத்தியா, என்னா மரியாதை!" என்று ஃபிளெக்ஸ் காற்றில் புடைத்தது.

முதல் நாள் ஒருவரும் தண்ணீர் குடிக்கவில்லை. மறுநாளும் குடிக்கவில்லை. வெயிலில் பானைத் தண்ணீர் வெந்நீராகிக்கொண்டிருந்தது. சும்மா தொங்கித் தொங்கி டம்ளருக்குக் கழுத்து வலித்தது. காவல் காக்க ஆளே வராததால் சங்கிலிக்குத் தூக்கம் வந்தது.

மூன்றாம் நாள் காலையில் பூவலிங்கம் வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் வைத்தபடியே இருந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

"அப்பா ராசி அப்பாவோட போச்சு போல. இன்னைக்கும் யாரும் குடிக்கலேன்னா சாயங்காலம் பந்தலைப் பிரிச்சிர வேண்டியதுதான். இனிமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

பந்தல் போனால் பானை கொல்லைப்புறத்தில் கவிழ்ந்து கிடக்க வேண்டியதுதான், உள்ளே பல்லி குடித்தனம் நடத்தும்.

அப்போது பேருந்திலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் பாய்ந்து வந்து டம்ளரைப் பிடித்தார். மற்றவர் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"குடிக்காதீரும் வே! மேல என்ன போட்டிருக்குன்னு வாசியும்."

அவர் அண்ணாந்து வாசித்தார். "அபாயம்: ஆவுடையப்பன் குடும்பத்தார். ஏ அய்யா! மண்டையோடு வேற போட்டிருக்கே!"

"ஆவுடையப்பன் தங்கமான மனுசன். அவுக குடும்பமே அபாயம்னு சொல்லுதுன்னா சும்மாவா சொல்லும்? வாரும், கடையில சோடா குடிப்போம்."

இருவரும் போய்விட்டார்கள்.

விஷயம் இதுதான். ஃபிளெக்ஸ் கடைக்காரர் இதை அடித்த அன்றைக்குக் காலையில் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு எச்சரிக்கைப் பலகை அடித்திருந்தார். அதே கையோடு 'உபயம்' இருக்க வேண்டிய இடத்தில் 'அபாயம்' விழுந்துவிட்டது. மண்டையோடும் இரண்டு எலும்பும் கடைசி மைத்துனருக்கும் அவர் மாமனாருக்கும் நடுவே அப்படியே தங்கிவிட்டன.

"உன் மேல எழுதியிருக்கதை நீ வாசிக்கவே இல்லையா?" என்று டம்ளர் கத்தியது.

"என் முன்பக்கம் எனக்கு எப்படித் தெரியும்?" என்றது ஃபிளெக்ஸ். அதன் குரல் சுருங்கிவிட்டது. "அச்சு விழுறப்ப அந்த மண்டையோடு மேல பட்டதை நான் பெரிய மாமான்னுல்லா நெனச்சேன்!"

"அப்ப விழுந்து தொலையேன்" என்றது பானை.

"விழுறதா? என் நடுவுல ஆவுடையப்பன் அண்ணாச்சி நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்காக. அவுக மானம் என்னாவுறது?"

வெயில் உச்சிக்கு ஏறியபோது மாடத்தி வந்தாள். தெருத்தெருவாகப் பிளாஸ்டிக் குடம் விற்கிறவள். தலையிலும் தோளிலும் குடங்கள், அத்தனையும் காலி. நாக்கு வறண்டு போய்ப் பானையிடம் வந்தவள் மேலே பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் மண்டையோடு தெரிந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். தள்ளிப் போகலாம் என்றால் கால் வரவில்லை. அங்கேயே வெயிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். குடங்கள் சாலையில் உருண்டன.

ஃபிளெக்ஸ் அவளைப் பார்த்தது. மூன்று நாளாக எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்த ஃபிளெக்ஸ், முதல்முறையாக இன்னொருவரைப் பார்த்தது. அதற்கு மனசு பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, மன்னிச்சிருங்க" என்று தன் மேலிருந்த ஆவுடையப்பனிடம் சொன்னது. காற்று ஒரு தள்ளுத் தள்ளியதும் மேல்கயிறு இரண்டையும் கைவிட்டது. மல்லாக்கச் சாய்ந்து, நாலு மூங்கில் மேலும் பரப்பிக்கொண்டு படுத்தது. முகம் வானத்தைப் பார்த்திருந்தது, நிழல் தரையில் விழுந்தது.

குளிர்ச்சி பட்டதும் மாடத்தி கண்ணைத் திறந்தாள். மண்டையோட்டைக் காணோம். பானை இருந்தது. ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள். இன்னொன்று குடித்தாள். அடுத்ததைத் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் வரை பொறுக்காமல் அப்போதே பந்தலைப் பிரிக்கக் கத்தியோடு வந்த பூவலிங்கம், அவளுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார்.

மாடத்தி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்" என்றாள்.

பூவலிங்கம் கத்தியை மடக்கி மடியில் செருகினார். பெத்தவரையும் சொல்லிவிட்டாள், பிள்ளையையும் சொல்லிவிட்டாள். அத்தனை பெரிய ஃபிளெக்ஸில் அது வரவில்லையே!

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறினார், ஃபிளெக்ஸை மறுபடி நிமிர்த்தலாம் என்றுதான். தன் படத்தைத் தவிர மற்றதையும் அன்றைக்குத்தான் பார்த்தார். ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுமுறை வாசித்தார். அவிழ்ந்த கயிற்றை எடுத்து, ஃபிளெக்ஸ் படுத்திருந்தபடியே பின்பக்க மூங்கிலில் இறுகக் கட்டினார். இறங்கி வந்து, "ஏட்டி உலகம்மை, ரெண்டு குடம் தண்ணி கொண்டா!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். அன்று சாயங்காலம் பானை காலி. சங்கிலி ஓய்வில்லாமல் கலகலத்தது.

அடுத்த சித்திரையிலும் அதே ஃபிளெக்ஸ் அதே மாதிரி மல்லாக்க ஏறியது.

"அப்பா, நம்ம படத்தை யாருமே பாக்க மாட்டாகளா?" என்று உலகம்மை கேட்டாள்.

"காக்கா பாக்கும்ட்டி."

"அப்ப காக்காவுக்கும் தாகம் எடுக்கும்லா?" என்றாள். யாரும் சொல்லாமலே ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் எடுத்துப்போய் மூங்கில் உச்சியில் கட்டினாள்.

ஒரு காக்கை வந்தது. 'அபாயம்' மேல் வசதியாக உட்கார்ந்து குடித்தது. "கா" என்றது.

ஃபிளெக்ஸ் அதை வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டது.